முத்துச்செல்வி அமுக்காத எண்டர்

சென்னை விமான நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்திருந்த ஓட்டுநர் ஏழுமலை, நான் நாலு வாக்கியம் பேசுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சார், தமிழு நல்லாத்தான் பேசுறே, ஆனா இன்னாவோ வேற மாரி கீதே. எந்த ஊரு?" பினாங்கு என்றேன். "அதான பாத்தேன்" என்றார். அதற்கப்புறம் நான் எங்கள் ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் கடைசியில் "லா" போட்டுப் பேசும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் கம்பெனிக்கு ஒரகடத்தில் ஒரு சகோதரக் கம்பெனி உண்டு. காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைச் செய்கிறார்கள். அங்கே உற்பத்தி லைனில் இருக்கும் கணினித் திரைகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு வா என்று ஒரு வாரம் அனுப்பியிருந்தார்கள்.

படப்பையில் ஒரு மெஸ்ஸில் நிறுத்தி இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தார் ஏழுமலை. வடகறியை நான் அதுவரை தின்றதில்லை. எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக்கறியைப் பெரிதாகப் பேசிக்கொண்டு திரிகிறோம். இதன் முன்னால் அது வெந்நீர். இரண்டாவது தடவை கேட்டபோது பரிமாறியவர் என்னைக் கேட்காமலே மூன்றாவது கரண்டியையும் சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அரை மணி நேரம். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள். ஜன்னல்களில் சாய்ந்து தூங்கும் இளம் முகங்கள். பட்டர்வொர்த்திலும் இதே பஸ்கள்தான், இதே தூக்கம்தான். அங்கே ஜன்னலில் நேப்பாளமும் வங்காளதேசமும் தூங்கும். இங்கே யார் என்று கேட்டேன். "எல்லாம் தெக்கத்திப் பசங்க சார். திருநெல்வேலி, ராம்நாடு. ரூம் எடுத்துக்கினு கீறாங்க. எங்க ஊர்ல இப்ப எங்காளுங்கள விட அவுங்கதான் ஜாஸ்தி."

தொழிற்சாலையில் எனக்கு ஒரு வரவேற்பு காத்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இதைச் சொல்ல வேண்டுமானால் பலகணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்த நேரங்களில் பத்து வருஷமாக நான் எழுதிவரும் ஒரு மென்பொருள் நூலகம் அது. படமோ அலங்காரமோ இல்லாத கறுப்புத் திரையில், வெறும் எழுத்துகளையும் கோடுகளையும் வைத்தே கட்டம், பெட்டி, பொத்தான் எல்லாம் வரைய உதவும். பழைய கணினியிலும் ஓடும் என்பதால் தொழிற்சாலைகளுக்குப் பிடிக்கும். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள் அதற்கு உதவுகிறார்கள். பெயரைத் தமிழில் வைத்தேன். ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் அதைச் சொல்லத் திணறுவதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

அந்தக் கம்பெனியின் எல்லாத் திரைகளிலும் ஓடுவது பலகணிதானாம். அவர்களுடைய கணினித் தலைவர் காலைக் கூட்டத்தில் மைக் பிடித்து, "நம்ம லைன் ஸ்கிரீன் எல்லாத்தையும் உருவாக்கினவரு, நம்ம தமிழரு" என்று அறிவித்துச் சால்வை போட்டார். நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். என் முகம் பூரித்துப்போனதைப் படத்தில் பார்க்கலாம். அந்தப் படத்தை அன்றே வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை லைனுக்குள் போனேன். சூப்பர்வைசர் பாஸ்கர் கூட்டிப் போய்க் காட்டினார். மணிமங்கலத்துக்காரர். ஒரு நிமிஷம் சும்மா நிற்காத மனிதர்.

ஒயர்க்கட்டைக் கடைசியாகச் சோதிக்கும் இடத்துக்கு டெஸ்ட் போர்டு என்று பேர். லேபிளை ஸ்கேனரால் படித்துவிட்டு, ஒயர்க்கட்டைப் பலகையில் மாட்டினால் கிளிப்புகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில விநாடிகளில் சரி என்று திரை சொன்னால் கிளிப்புகள் திறக்கும். பழுது என்றால் திரையில் ஒரு பெட்டி திறந்து, "ரெட் பின்னில் போட்டாயிற்றா?" என்று கேட்கும். ரெட் பின் என்பது பழுதைப் போடும் சிவப்புத் தொட்டி. "ஆம்" என்று எண்டரைத் தட்டினால்தான் கிளிப்புகள் விடும்.

ஒவ்வொரு திரைக்கு மேலும் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த லேபிளை முன்கூட்டியே ஸ்கேன் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். இது எதற்கு என்று பாஸ்கரைக் கேட்டேன்.

"அது ஒரு கதை சார். டெஸ்ட் ஓடிக்கினு இருக்கும்போதே அடுத்த பீஸ் லேபிள ஸ்கேன் பண்ணி வெச்சிப்பாங்க. ரெண்டு செகண்டு மிச்சம் ஆவும்ல? கவுண்ட் ஏறணும்னா வேற இன்னா பண்றது? நான்கூட சொல்லிக் குடுத்திருக்கேன், பொய் சொல்லக் கூடாது. நாலு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு ரெட் பின்ல போடாமயே போட்டுட்டேன்னு எண்டர் தட்டிட்டா. மூணு பழுது பீஸ் கஸ்டமர் லைன் வரைக்கும் போயிடுச்சு. கேட்டா நான் தட்டவே இல்ல, பொட்டி அதுவே மூடிக்குச்சுன்றா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

முன்கூட்டி ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"என்கொய்ரி வெச்சோம்" என்று பாஸ்கர் தொடர்ந்தார். "அந்தப் பொண்ணே சொன்னா, இந்த ஸ்கிரீன செஞ்சவருக்கு எழுதியிருக்கேன், அவர் சொல்லட்டும், என் தப்புன்னு அவர் சொன்னா ஒத்துக்கிடுதேன்னு. ரெண்டு நாள் வெயிட் பண்ணோம் சார். அப்புறம் நீங்க பதில் போட்டீங்க. அதோட பேச்சு முடிஞ்சிடுச்சு."

நானா என்று கேட்டேன். கேட்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

அவர் அலுவலக அறைக்குக் கூட்டிப் போய் ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். அச்செடுத்த தாள். மேலே நீளமாகத் தமிழில் ஒரு கடிதம், "வணக்கம் அண்ணா" என்று தொடங்கியது. கீழே என் பெயரில், ஆங்கிலத்தில், மூன்று துண்டு வாக்கியங்கள். இது பிழை அல்ல. இயக்குபவரின் தவறு. ஆங்கிலத்தில் எழுதவும். அதோடு புகாரை மூடிவிட்டேன். என் வரியின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

அன்று நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒரு கையால் தின்றபடி மறு கையால் புகார்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பலகணியின் இணையப் பக்கத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில் திடீரென்று ஒரு முழுநீளத் தமிழ்க் கடிதம். "அண்ணா" வேறு. ஜெர்மன்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட்டேன். முதல் பத்தியை மட்டும் பார்த்தேன். இரண்டாவது பத்தியைப் படிக்கவே இல்லை. தமிழில் பேர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட ஆள் நான்தான்.

நான் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் இரண்டாவது பத்தியைப் படித்தேன். "பெட்டி மின்னல் மாதிரி வந்து மூடிவிடுகிறது. அதற்கப்புறம் ஏற்கெனவே ஸ்கேன் பண்ணிய லேபிளை இன்னொரு தடவை ஸ்கேன் பண்ண வேண்டியிருக்கிறது. அப்படியானால் முதல் ஸ்கேன் எங்கே போனது அண்ணா?" என்று கேட்டிருந்தாள்.

இதைவிடத் தெளிவாக ஒரு பிழையை எனக்கு யாரும் சொன்னதில்லை. லேபிளைப் படித்ததும் ஸ்கேனர் தானாகவே ஒரு எண்டரையும் அனுப்பும். எல்லா ஸ்கேனரும் அப்படித்தான். அமுக்கிய விசைகளைப் பலகணி வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் பெட்டி திறந்தால், வரிசையில் நிற்பதெல்லாம் பெட்டிக்குள் போய் விழும். எண்டர் விழுந்ததும் "ஆம்" என்று பதிவாகும், கிளிப்புகள் திறக்கும், சரியான கட்டுக்குத் திறப்பது போலவே. அவள் எடுத்து நல்ல சரக்கோடு வைத்திருப்பாள். பெட்டி திறக்கும்போது பழைய விசைகளைக் கொட்டிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். நான் செய்யவில்லை. என் மடிக்கணினியில் செய்து பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூடம் உண்மையிலேயே கோணல். கட்டியவன் நான்.

புதன்கிழமை காலையில் பலகணியைச் சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிட்டேன். கூடவே என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். "பிழைதிருத்தம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "மேம்பாடு" என்று எழுதினேன். பெட்டி திறக்கும் முன் அமுக்கிய விசைகள் இனி கைவிடப்படும், மேம்பாடு. அந்தச் சொல்லை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பிழை என்று எழுதினால் எத்தனை நாளாக என்று யாராவது கேட்பார்கள். அந்தச் சொல்லுக்காக இன்றும் கூசுகிறேன்.

கம்பெனியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் மேலாளர்களுக்கென்று தனி அறை. முட்டைக் குழம்பும் அப்பளமும் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பாஸ்கர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதோ சார், அதான் அந்தப் பொண்ணு, முத்துச்செல்வி" என்று காட்டினார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். அவளை டெஸ்ட் போர்டிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே அவள் நிற்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எனக்காகவே சொன்னது. ஏழுமலையின் வண்டி வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல், கண்ணில் பட்ட முதல் வெள்ளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் கம்பெனி பஸ் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வேறொரு தொழிற்சாலையின் கேட்டுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். காவலாளி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு, எதுக்கு உள்ள வந்தீங்க?" என்றார். ஒரு பெண்ணுக்குப் பயந்து என்று எப்படிச் சொல்வது. ஐம்பதை நெருங்கும் மனிதன், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு, காவல் அறை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழுமலை வந்து மீட்டார். வழியெல்லாம் சிரித்தார். கடைசியில் தாங்காமல் நடந்ததை அவரிடம் கொட்டிவிட்டேன். சிரிப்பு நின்றது.

"அப்ப தப்பு உன்து. பேரு கெட்டது அந்தப் பொண்ணுது. இப்ப நீ பஸ்ஸேறி ஓடிக்கினு கீறே" என்றார். அதுவரை நடுவில் போட்டுக்கொண்டிருந்த "சார்" காணாமல் போயிருந்தது. "நாளைக்கு அந்தப் பொண்ணாண்ட போயி நின்னு சொல்லு. நான் வண்டிய கேட்டாண்டயே போட்டுக்கினு நிக்கிறேன். ஓட முடியாது."

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். முத்துச்செல்வி வந்தாள். சொன்னபடியே ஏழுமலை வண்டியைச் சாலையோரம் போட்டுவிட்டு ஒரு மிளகாய் பஜ்ஜியோடு காவல் நின்றார்.

"நான்தான் பலகணி எழுதினவன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே" என்றாள். "திங்கக்கிழம சால்வ போட்டாங்கல்லா, நானும் நின்னு கைதட்டுனேன்."

அப்போதே வந்து கேட்டிருக்கலாமே என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

"என்னத்தப் போய்க் கேக்க? நீங்கதான் ஒரு தடவ சொல்லிட்டியளே." கோபமே இல்லாமல் சொன்னாள். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "ஆனா நீங்க நேர்ல வந்ததும் ஒரு நெனப்பு இருந்துச்சுண்ணே. லைனப் பாப்பாவ, போர்டப் பாப்பாவ, கண்டுபிடிச்சிருவாவன்னு. செவ்வாய்க்கிழம பாத்தியல்லா? பாஸ்கர் சார்கூட நிக்கிறத நான் பாத்தேன். பெறகு ஒண்ணும் சொல்லல. நேத்தும் சொல்லல."

நான் பேச வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"அப்பம்தான் எனக்கே தோணிட்டு. செஞ்சவரே வந்து பாத்துட்டுச் சும்மா இருக்காருன்னா, நான்தான் அமுக்கியிருப்பேன். அசதியில அமுக்கிட்டு மறந்திருப்பேன். நாலு மாசமா இல்ல இல்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், இன்னைக்கு மத்தியானம் எச்சார் மேடத்துக்கிட்ட என் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டேன். எழுதிக் குடுத்தா இன்னும் ஆறு மாசம் டிரெயினியா வச்சுக்கிடுதோம்னாங்க."

என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட நேரம் வேறு கிடையாது. முதல் தவறை அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். செவ்வாயிலிருந்து வியாழன் வரை அறிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மௌனம் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டது. தன் கை செய்யாததைத் தன் கைதான் செய்தது என்று நம்பவைத்துவிட்டேன்.

"நீங்க அமுக்கல" என்றேன். "அது என் பிழை."

அவள் என்னை நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாவப்பட்டு ஏதோ சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றாள். கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழுமலை என்னைக் கேட்காமலே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வண்டியைத் திருப்பினார். "முருகனாண்ட ஒரு கும்பிடு போட்டுக்கினு போ சார். வாய் தொறக்கும்." சார் திரும்பி வந்திருந்தது. பத்துமலையில் தைப்பூசத்துக்குக் கூட்டத்தில் நசுங்கியே முருகனைப் பார்த்துப் பழகியவன் நான். இங்கே அன்று முன்னால் நாலே பேர். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. வெண்பொங்கல் சூடாகக் கிடைத்தது. அதை ஏழுமலையிடமே கொடுத்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு எச்ஆர் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தாச்சே சார். இப்ப எதுக்குக் குழப்பம்?" என்றார். குழப்பம் என்னுடையது, உங்கள் டெஸ்ட் போர்டிலேயே காட்டுகிறேன், முத்துச்செல்வியையும் கூப்பிடுங்கள் என்றேன். நான் சத்தம் போட்டேன் என்று பிற்பாடு ஏழுமலையிடம் யாரோ சொன்னார்களாம். எனக்கு நினைவில்லை.

லைனில் இன்னும் பழைய பலகணிதான் ஓடிக்கொண்டிருந்தது. மேடம், கணினித் தலைவர், பாஸ்கர் எல்லாரும் போர்டைச் சுற்றி நின்றார்கள். முத்துச்செல்வி கடைசியில் நின்றாள். வேண்டுமென்றே ஒரு ஒயரைக் கழற்றிவிட்ட ஒயர்க்கட்டை மாட்டினேன். சோதனை ஓடும்போதே அடுத்த லேபிளை ஸ்கேன் செய்தேன். ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். திரையில் பெட்டி மின்னி மறைந்தது. கிளிப்புகள் தாமாகத் திறந்தன. பதிவில் "ரெட் பின்னில் போடப்பட்டது" என்று விழுந்தது. பழுதான கட்டு பலகையிலேயே கிடந்தது.

பாஸ்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ செய்யுங்கண்ணே" என்றாள் முத்துச்செல்வி. முன்னால் வந்திருந்தாள்.

செய்தேன். மூன்றாவது தடவை அவளே ஸ்கேனரை வாங்கிச் செய்தாள். ஸ்கேன் பண்ணிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பெட்டி வந்தது, போனது.

"அப்பம் நான் அமுக்கல" என்றாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் போர்டிடம் சொன்னாள்.

மேடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பெனிகள் அப்படிக் கேட்பதில்லை, எங்கள் ஊரிலும்தான். ஆனால் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, என் அச்செடுத்த பதிலை உருவிக் கிழித்தார். திங்கட்கிழமையிலிருந்து டெஸ்ட் போர்டுக்கே போகலாம், நிரந்தர ஆர்டர் இன்றைக்கே கையெழுத்தாகும் என்றார். முந்தின நாள் அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் எடுத்து அவளிடமே நீட்டினார். "இந்தாம்மா, கிழிச்சுப் போட்டுடு."

முத்துச்செல்வி அதை வாங்கி ஒரு தடவை படித்தாள். நாலே வரி. தவறு முழுக்க என்னுடையது, கவனக்குறைவால் நடந்துவிட்டது, இனி நடக்காது, மன்னிக்கவும். கீழே கையெழுத்து. அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இது உங்களுதுண்ணே" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.